சல்லடையில் மிஞ்சிய மலை

பார்மத்தில் மழை பெய்யாத நாளைக்
காலண்டரில் சிவப்பில்தான் அச்சடிக்க வேண்டும்.
ஆகையால் என் சலவைக் கடையின்
ஆறு உலர்த்திகளுக்கும் ஓய்வில்லை.
ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு சல்லடை.
கடை சாத்துமுன் உருவினால்
கம்பளிப்பூச்சியாய்ச் சுருண்டு வரும்
ஊரார் உடுப்பிலிருந்து உதிர்ந்தது.

முதல் நாள் குப்பையில் போடத்தான் எடுத்தேன்.
மருந்துக்கடை கெரித்தின் ஊதா ஸ்வெட்டரும்
யாருடையதோ ஒரு பாசிநிறப் போர்வையும்
ஒரே சுழலில் கலந்து கிடந்தன.
உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்:
ஆகஸ்டு மாதத்து மலைச்சரிவு.

அப்புறம் எதையும் எறிய முடியவில்லை.

மாடி அறையில்
எழுபத்தாறில் ஒரு பங்காய் எங்கள் கரை.
பாலத்துக்குக் கோடை விட்டுப்போன ஐஸ் குச்சிகள்,
நானூற்றுப் பன்னிரண்டு.
சிலவற்றில் ஸ்ட்ராபெரிக் கறை போகவில்லை;
துரு என்று சொல்லிக்கொள்கிறேன்.
காது குடையும் பஞ்சுக் குச்சியில்
முப்பது தலை கொய்தேன்,
முப்பது ஆடு மேய்ந்தது.

அடுப்பைத் திறந்த இத்வால் கேட்டான்:
"மெய்ர்வென், என்ன வேகிறது?"
தட்டு நிறையத் தேயிலைச் சக்கை.
"வயல்" என்றேன்.
மூடிவிட்டு ரொட்டியைப் பச்சையாய்த் தின்றான்.

தோற்றதையும் சொல்கிறேன்.
முட்புதருக்குப் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நார் வைத்தேன்.
எஞ்சினுக்குள் காந்தம் இருப்பது நினைவில்லை.
போகிற போக்கில் புதரைத் தின்று
புகைந்து நின்றது, அறுபது பவுண்டு.
தண்டவாளத்து ஜல்லிக்குப் பூனையின் மண்ணைக் கொட்டினேன்.
பூனைக்குத் தன் மண் தெரியாதா?
ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு காலையில்...
அன்றைக்கு எல்லா வண்டிகளும் ரத்து.

கழிமுகம்தான் கடைசிவரை படியவில்லை.
முடிக்குத் தடவும் ஜெல், நகப்பூச்சு, ஜாம் உறை,
எல்லாம் பார்த்தாயிற்று.
குளியலறையில் உடைந்த ஜன்னலின்
நெளிநெளிக் கண்ணாடி வந்து காப்பாற்றியது.
ஆனால் அதில் ஓதம் ஏறாது, வடியாது.
என் ஊரில் அது ஒன்றுதான் பொய்.

பிப்ரவரியில் நூலக மாடியில் வைக்கச் சொன்னார்கள்.
"அந்தச் செம்பழுப்பு எதில் செய்தது?"
"கால்பந்து அணி. நவம்பரில்,
ஐந்து கோல் வாங்கிய ஆட்டம்."
சிரித்தார்கள். பிறகு
ஒவ்வொருவராய்க் குனிந்து
தங்களைத் தேட ஆரம்பித்தார்கள்.
கெரித் வெகுநேரம் நின்றார்,
தன் சரிவில் மேயும் ஓர் ஆட்டைப் பார்த்தபடி.
"புல் பிடித்திருக்கிறதா அதற்கு?" என்றார்.

வங்கி மேலாளர் மட்டும் அடுத்த வாரம் முதல்
துணியைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோவதாகக் கேள்வி.
அதுவும் சரிதான்.
தான் உதிர்த்ததை இன்னொருவர் வைத்திருப்பது
எல்லோருக்கும் ஒத்துவராது.

மேரெத் வேறு மாதிரி.
அழுக்கே இல்லாத மஞ்சள் போர்வையொன்றை
மேசையில் வைத்து,
"உன் மலையில் முட்செடி இன்னும் பூக்கவில்லையே" என்றாள்.
மூன்று முறை உலர்த்தினேன்.
அவள் காசு கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன்.
கடை கடைதானே.

நேற்று நான்கு பத்து வண்டி
பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது.
கவிழ்த்துப் பார்த்தால் அச்சில் ஓர் இழை,
பச்சையும் சாம்பலும் முறுக்கியது.
இத்வாலின் ஸ்வெட்டர்.
முழங்கை ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது,
தைத்துக் கொடு என்று அவன் சொல்லி
வருடம் ஒன்றாகிறது.

புருவம் பிடுங்கும் இடுக்கியால்
மெல்ல, அறுந்துவிடாமல், இழுத்தேன்.
நீண்டுகொண்டே வந்தது.
மூன்று நிமிடம் தாமதம்.
கடுகளவு தலைகளோடு
ஜன்னலோரம் காத்திருந்தார்கள் பயணிகள்,
ஒருவரும் கைக்கடிகாரம் பார்க்காமல்.